சத்தம் குறைச்ச ஒன்பது பாட்டு

பாட்டுக் கேக்கிற சனத்துக்கு வாய் ஒருநாளும் சும்மா கிடக்காது. முப்பது வருசம் ட்ரம் அடிச்சவன் நான், எனக்குத் தெரியாததே? கலியாண வீட்டில சோத்துக் கோப்பையோட ஒருத்தன் மேடைக்குக் கிட்ட வந்து, சத்தம் காணாது அண்ணை எண்டுவான். அவன் போய்க் கை கழுவேல்லை, இன்னொருத்தன் காதைப் பொத்திக்கொண்டு வந்து நிப்பான். இப்ப அந்த ரெண்டு பேரும் யூரியூப்பில இருக்கிறாங்கள். கனடாவில குந்திக்கொண்டும் நோர்வேயில குந்திக்கொண்டும் திருகோணமலைக்காரன்ர கிற்றாருக்கு மார்க்ஸ் போடுறாங்கள்.

அந்தத் திருகோணமலைக்காரன் சிவபாதம். எழுபத்தொன்பதில நாங்கள் தொடங்கின கோஷ்டிக்குப் பேர் ஹாபர் தண்டர். சிவபாதம் கிற்றார், மஹ்ரூப் பேஸ், நான் யோகலிங்கம் ட்ரம். ஊரில எல்லாரும் பைலா ஆட்டப்பாட்டு அடிக்க, நாங்கள் றொக் எண்டு நிண்டனாங்கள். நிலாவெளி ஹோட்டல்களில வெள்ளைக்காரர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஆடினவங்கள். சிவபாதம் அம்பிளிபயரைப் பத்தில வைச்சால் பேந்து ஒன்பதுக்கு இறக்கமாட்டான். ஒருக்கால் சல்லிக் கோயில் திருவிழாவில ரெண்டு ஸ்பீக்கரைக் கிழிச்சுப்போட்டு அதை ஒரு வருசம் பெருமையாச் சொல்லித் திரிஞ்சவன்.

அப்பிடிப்பட்டவன்தான் போன வருசம், அறுபத்தாறு வயசில, ஒரு அல்பம் போட்டான். பேர் "மெல்ல". ஒன்பது உருப்படி. பாடுறதுக்கு ஆள் இல்லை, பேஸ் இல்லை, ட்ரம் இல்லை. ட்ரம் வேணுமோ எண்டு ஒரு வார்த்தை என்னட்டக் கேக்கவும் இல்லை, அந்தக் கோவம் எனக்கு இப்பவும் இருக்கு. ஒரு பழைய மரக் கிற்றார், வயர் குத்தாதது. வீட்டு முன்னறைக் கதவை அகலத் திறந்து வைச்சு, வாசல் படலையைப் பாத்தபடி கதிரையைப் போட்டு, தன்னந்தனிய இருந்து வாசிச்சவன். கனடாவில இருக்கிற மகள் தனுஷிகா லீவில வந்து நிண்ட மாதம் தன்ர போனில பதிஞ்சு கொண்டுபோய் ஏத்திவிட்டாள். ஊண்டிக் கேட்டால் பாட்டுக்குள்ள காகம் கத்துறதும், உட்துறைமுகத்தில கப்பல் ஊதுறதும் கேக்கும்.

ஏத்தின கிழமையே அபிப்பிராயம் வரத் தொடங்கிட்டுது. மஹ்ரூப் என்ர கடைக்கு வந்து, அவனுக்குச் சீனி வருத்தம் கையிலயும் இறங்கிட்டுதோ எண்டு கேட்டான். ரொறொன்ரோவில இருந்து எங்கட பழைய ரசிகன் ஒருத்தன், நெருப்பு எங்க அண்ணை, சாம்பலைத்தானே காணுறன் எண்டு எழுதினான். லண்டனில பல்லுப் புடுங்கிற டொக்டர் ஒருவர் தன்ர அறையில இதைத்தான் போடுறாராம், ஊசிக்குப் பயந்த சனம் அடங்கி இருக்குதாம். ஒரு தாய்க்காரி தன்ர பிள்ளை மூண்டாம் பாட்டோட நித்திரை எண்டு போட்டிருந்தா. றொக்குக்காரனுக்கு இதை விட என்ன வசை வேணும். ஆனால் ஆரோ ஒராள், பேரும் இல்லைப் படமும் இல்லை, ஒரு வரி எழுதியிருந்தது: "வீட்டில ஆரோ வருவினம் எண்டு காது குடுத்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி இருக்கு." அதைப் படிச்சிட்டு நான் போனைக் கவிட்டு வைச்சனான்.

ஏனெண்டால் அந்த வீட்டில ஒராள் வரவேண்டிக் கிடக்கு. பதினேழு வருசமா.

சிவபாதத்தின்ர மூத்தவன் நிருபன். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, ஆடி வெள்ளி, மத்தியானம். பெடியனுக்கு இருபத்தொரு வயசு. படலையடியில வெள்ளை வான் ஒண்டு வந்து நிண்டது, அவனை ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். தாய் கோணேஸ்வரி பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தவ. அவ திரும்பி வரேக்க படலை திறந்து கிடந்தது, அவன்ர செருப்பில ஒண்டு ஒழுங்கையில கிடந்தது. அக்கம்பக்கத்தில ஒருத்தரும் ஒண்டும் காணேல்லை எண்டிச்சினம். அந்த நேரம் காணுறதுக்கு ஆருக்குத் துணிவு இருந்தது. அதுக்குப் பிறகு கோணேஸ் ஏறாத கந்தோர் இல்லை, குடுக்காத கடிதம் இல்லை. காணாமல் போனவையை விசாரிக்க எத்தினை ஆணைக்குழு வந்து போனது. ஒவ்வொண்டிலயும் அவ சொன்னது ஒண்டுதான். நான் கோயிலில, மனிசன் நிலாவெளியில, பிள்ளை தனிய நிண்டவன்.

சிவபாதம் அதோட கிற்றாரைத் தொடேல்லை. மின்சாரக் கிற்றாரை உடுக்கிற சாரத்தால சுத்தி அலுமாரிக்கு மேல ஏத்திட்டான். அம்பிளிபயரை என்ர கடைக்குக் கொண்டந்து, கடலில போடு எண்டான். நான் போடேல்லை. நல்ல சாமானைக் கடலில போட எனக்கு மனம் வராது. பதினாறு வருசம் கழிச்சு ஆரோ குடுத்த மரக் கிற்றாரை அவன் மடியில எடுத்து வைச்சபோது, கோணேஸ் குசினிக்குள்ள இருந்து எட்டிப் பாத்திட்டுத் திரும்ப மீன் வெட்டப் போனா. அதை அவன் சம்மதம் எண்டு எடுத்துக்கொண்டான்.

என்ர கடை கடற்கரையில, வள்ளத்து எஞ்சின் திருத்துறது. கச்சான் எண்டு சொல்லுற மேல்காத்து அடிக்கிற மாதங்களில எனக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. உப்பு அடைச்ச கார்புரேட்டரைக் கழுவிக் கழுவி விரலெல்லாம் வெடிச்சுப்போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானம் பூட்டிப்போட்டுச் சிவபாதம் வீட்டை சாப்பிடப் போவன். என்ர மனிசி செத்த பிறகு வந்த பழக்கம். கோணேஸ் பாரை மீன் குழம்பும், முருங்கையிலைச் சுண்டலும், தேசிக்காய் விட்ட சொதியும் வைப்பா. சாப்பாடு நடக்க, தனுஷிகா வாங்கிக் குடுத்த டப்லெட்டை மடியில வைச்சுக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, அந்தக் கிழமை வந்த அபிப்பிராயங்களை ஒண்டொண்டா வாசிப்பா. சோதினைப் பேப்பர் வாசிக்கிற ரீச்சர் மாதிரித்தான் வாசிக்கிறது. நல்லதும் ஒரே குரல், நொட்டையும் ஒரே குரல். சிவபாதம் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு காது குடுப்பான். நொட்டை வந்தால் நான் சிரிப்பன்.

ஆனால் அவ பாட்டைக் கேட்டதில்லை. ஒன்பதில ஒண்டையும். எல்லாரின்ர அபிப்பிராயமும் தன்ர வாயால வாசிச்சவ, தன்ர அபிப்பிராயம் எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. சிவபாதம் காத்திருந்தது அந்த ஒண்டுக்குத்தான். எனக்கு அது நல்லாத் தெரியும்.

ஆடி மாதம் ரெண்டாம் ஞாயிறு. காத்து அனலா அடிச்சது. யன்னலைச் சாத்தினால் அவியும், திறந்தால் மண் கோப்பைக்குள்ள வரும். ஏழாம் பாட்டில நடுவில நாலு செக்கன் வாசிக்காமல் நிக்கிறியள், போன் பிழையோ எண்டு ஒருத்தன் கேட்டிருந்தான். அதை வாசிச்சிட்டு அவ அடுத்ததுக்குப் போனா.

"சிவபாதம் அண்ணை, நான் பக்கத்து வீட்டு ஜெயரூபி. இப்ப மெல்பேணில இருக்கிறன். உங்கட கிற்றாரைக் கடைசியாக் கேட்டது அந்த ஆடி வெள்ளி மத்தியானம். சுவர் அதிர வாசிச்சுக்கொண்டிருந்தீங்கள், எங்கட அம்மா புறுபுறுத்துக்கொண்டிருந்தவ. அண்டைக்குத்தான் நிருபனைக் கொண்டுபோனது. பேந்து நாங்களும் வெளிக்கிட்டிட்டம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் உங்கட கையைக் கேக்கிறன். ஒன்பதையும் கேட்டு அழுதனான்."

குரல் மாறேல்லை. கடைசிச் சொல் வரைக்கும் ஒழுங்கா வாசிச்சு முடிச்சா. பிறகு, "இதுக்குக் கீழ ஒராள் சூப்பர் எண்டு போட்டிருக்கு" எண்டு சொல்லிப்போட்டு டப்லெட்டை மூடினா. சொதிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனா.

சிவபாதம் என்னைப் பாத்தான். நான் கோப்பையைப் பாத்தன். ஜெயரூபி பாவம், அன்பிலதான் எழுதினவள். நிலாவெளியில நிண்டவன் சுவர் அதிர வீட்டில எப்பிடிக் கிற்றார் வாசிக்கிறது?

என்ர குற்றத்தையும் இதிலயே சொல்லிப்போடுறன். அந்த ஆடி வெள்ளி அண்டைக்குச் சிவபாதம் நிலாவெளியில இல்லை. மூண்டு மணி போல மேல் சட்டையும் இல்லாமல் என்ர கடைக்கு ஓடி வந்தவன். பெடியனைக் கொண்டு போயிட்டாங்கள் எண்டான். ரெண்டு பேரும் சைக்கிளில சோதனைச்சாவடி சோதனைச்சாவடியா அலைஞ்சம். திரும்பி வரேக்கதான், ஒழுங்கை முகப்பில சைக்கிளை நிப்பாட்டி, மச்சான், நான் உன்னோட நிலாவெளியில ஸ்பீக்கர் பூட்ட வந்தனான் எண்டு சொல்லு எண்டு கேட்டான். வீட்டில நிண்டும் என்ன செய்தனி எண்டு நாளைக்குப் பொலிசும் சனமும் கேக்கும், அந்தப் பயத்தில சொல்லுறான் எண்டு நினைச்சன். கூட்டாளி கேக்கிறான், இல்லையெண்டு சொல்ல ஏலுமே? பொலிசில ஒரு கையெழுத்து, ஆணைக்குழுவில ஒரு கையெழுத்து. ரெண்டும் பொய். அந்தப் பொய்யைத்தான் கோணேஸ் உண்மையெண்டு நம்பி ஒவ்வொரு மேசையிலயும் சத்தியம் பண்ணிச் சொன்னவ. அந்த ஞாயிறு நான் கையும் ஒழுங்காக் கழுவாமல் வெளிக்கிட்டு வந்திட்டன். வெக்கங்கெட்ட வேலை.

செவ்வாய்க்கிழமை சிவபாதம் கடைக்கு வந்து, கழட்டி வைச்ச எஞ்சின் மூடியில குந்தினான். ஞாயிறு முழுக்க அவ கதைக்கேல்லையாம். திங்கள் விடிய, நீங்கள் வீட்டில நிண்டனீங்களோ எண்டு கேட்டாவாம். ஓம் எண்டானாம். பிள்ளை கத்தினது கேட்டதோ எண்டு கேட்டாவாம். கேக்கேல்லை, பத்தில வைச்சிருந்தனான் எண்டானாம். அதோட சரி. சோறு போடுறா, தேத்தண்ணி வைக்கிறா, கதை இல்லை. உண்மையாக் கேக்கேல்லையோடா எண்டு நானும் கேட்டன். காத்து மண்ணை அள்ளி எறிஞ்சது, கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பிப் போட்டான்.

வியாழக்கிழமை பத்து மணி போல கோணேஸ் என்ர கடைக்கு வந்தா. இத்தினை வருசத்தில அவ அங்க கால் வைச்சதில்லை. பெற்றோல் மணத்துக்குச் சீலைத் தலைப்பை மூக்கில பிடிச்சுக்கொண்டு நிண்டா. நான் கதிரையைத் தட்டி வைச்சன், இருக்கேல்லை.

"யோகண்ணை, ரெண்டு இடத்தில கையெழுத்து வைச்சனீங்கள்."

"ஓம் தங்கச்சி. பொய்தான். அவன் பயந்து கேக்கிறான் எண்டு நினைச்சுச் செய்தனான். உங்களிட்ட மன்னிப்புக் கேக்கவும் எனக்கு முகமில்லை."

அவ கடல் பக்கம் திரும்பினா. கரையில ஏத்தி விட்டிருந்த வள்ளங்களைப் பாத்தபடி சொன்னா.

"எனக்கு ஒண்டுதான் தெரியவேணும். பயத்தில பொய் சொன்னதை நான் தாங்குவன். பிள்ளை கத்தினது கேக்கேல்லை எண்டுறார். கேக்கேல்லையெண்டால் சரி, அது என்ர விதி, நான் இந்த மனிசனோட இருந்து சாவன். கேட்டும் வெளியில வராமல் வாசிச்சுக்கொண்டு இருந்தவர் எண்டால், நான் தனுஷிகாவிட்டப் போயிடுவன். ஒரு நாளும் கூட ஒரு கூரைக்குக் கீழ இருக்க என்னால ஏலாது."

பிறகு கேட்டா, "அந்தப் பெட்டி உங்களிட்டத்தானே இருக்கு?"

ஓம் எண்டன். நாளைக்கு ஒரு மணிக்குக் கொண்டு வாங்கோ எண்டிட்டுப் போட்டா.

அண்டைக்கு முழுக்க நான் ஒரு எஞ்சினையும் தொடேல்லை. அம்பிளிபயரைத் திறந்து, உப்புப் பூத்த இடமெல்லாம் சுரண்டி, ஒரு பியூஸ் மாத்தினன். வேலை செய்யாமல் போகட்டும் எண்டு ஒரு மனம் கிடந்து அடிச்சுக்கொண்டது. நாசமாப்போன கை, திருத்தித்தான் பழகினது. கொழுவினவுடன சிவப்பு லைட் பத்திட்டுது.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஓட்டோவில ஏத்திக்கொண்டு போனன். கோணேஸ் முழுகி, கோயிலுக்குப் போற சீலை கட்டியிருந்தா. சிவபாதம் அலுமாரியில இருந்து கிற்றாரை இறக்கிச் சாரத்தை அவிழ்த்து வைச்சிருந்தான். புது நரம்பும் போட்டிருந்தான். பின்னறையில, அண்டைக்கு எங்க வைச்சானோ அதே மூலையில பெட்டியை வைக்கச் சொன்னா. கதவு அண்டைக்கு எப்பிடி எண்டு கேட்டா. அரைவாசி சாத்தினது எண்டான். தானே போய் அரைவாசி சாத்தினா.

"அண்டைக்கு வாசிச்சதையே வாசியுங்கோ. அண்டைக்கு வைச்ச சத்தத்தில. நான் படலையடியில நிண்டு கூப்பிடுவன். யோகண்ணை, நீங்கள் அவருக்குப் பக்கத்தில இருங்கோ."

அவ வெளியில போனா. சிவபாதம் திருகியைப் பத்தில விட்டான். முதல் அடி பிசகிச்சு. ரெண்டாவது அடி விழ, யன்னல் கண்ணாடி கிறுகிறுத்தது. என்ர கடவுளே, அது பழைய சிவபாதம். எங்கட பழைய வேகமான உருப்படி, முப்பது வருசம் நான் பின்னால இருந்து அடிச்சது. என்னை அறியாமல் என்ர கால் தாளம் போடத் தொடங்கிட்டுது. அதை நினைக்க எனக்கு இப்பவும் என்னிலயே அருவருப்பு. பக்கத்து வீட்டுக்காரர் மதிலால எட்டிப் பாத்திச்சினம். எங்கட ஊரில மாடு மாதிரித் திரியிற மான், ஒழுங்கையில நிண்ட ரெண்டும் வெருண்டு ஓடினது.

மூண்டாவது நிமிசம் போல கேட்டது.

"நிருபன்."

மெல்லிசா, ஆனால் தெளிவா. கிற்றார் சத்தத்துக்கு மேலால, ஒரு நூல் அளவில. பதினேழு வருசமா அந்தப் பேரை அந்த வளவில ஒருத்தரும் சத்தமாக் கூப்பிட்டதில்லை. சாப்பிட வா எண்டு கூப்பிடுற மாதிரித்தான் கூப்பிட்டா. அவன் வந்து படலையைத் தள்ளுவான் எண்டு ஒரு கணம் நானே நினைச்சிட்டன்.

திரும்பவும் கூப்பிட்டா. திரும்பவும். நான் சிவபாதத்தைப் பாக்காமல் பெட்டியின்ர சிவப்பு லைட்டைப் பாத்துக்கொண்டு இருந்தன். அவன் நிப்பாட்டேல்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரைக்கும் வாசிச்சு முடிச்சான். அதுக்குப் பிறகு வந்த அமைதியில காது இரைஞ்சது.

கோணேஸ் உள்ள வந்து கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. முகமெல்லாம் வேர்வை, குரல் அடைச்சிருந்தது. அவனைக் கேக்கேல்லை. என்னைத்தான் கேட்டா.

"யோகண்ணை, கேட்டதோ?"

இப்பிடி ஒரு கேள்விக்கு மனிசன் என்ன சொல்லுறது? நாப்பத்தஞ்சு வருசக் கூட்டாளி. ஓமெண்டால் இந்த வீடு இண்டையோட முடிஞ்சுது. ஏற்கனவே ரெண்டு பொய் எழுதிக் குடுத்தவன், மூண்டாவது வாயால வந்திட்டுது.

"இல்லைத் தங்கச்சி. ஒண்டும் கேக்கேல்லை."

அவ மூச்சு விட்டா. நிலையைப் பிடிச்ச கை தளர்ந்தது. அந்த முகத்தில வந்த ஆறுதலைக் கண்டு, செய்தது சரிதான் எண்டு நினைச்சன்.

"கேட்டது," எண்டான் சிவபாதம்.

கிற்றாரைக் கழட்டிக் கீழ வைச்சான்.

"இவன் எனக்காகச் சொல்லுறான். இப்பவும் கேட்டது. அண்டைக்கும் கேட்டது."

பிறகு கோணேசுக்குச் சொன்னான்.

"அவன் உன்னைத்தான் கூப்பிட்டவன். அம்மா எண்டு. ரெண்டு தரம். அவன் எந்த நாளும் கூப்பிடுறவன்தானே, துவாய் எங்க, சேட் எங்க, கறி என்ன எண்டு. அப்பிடித்தான் எண்டு நினைச்சன். நீ குசினியில நிக்கிறாய், போவாய் எண்டு நினைச்சன். நீ கோயிலுக்குப் போனது எனக்கு ஞாபகம் வரேல்லை கோணேஸ். பாட்டு முடிய ஒரு நிமிசம் கிடந்தது. முடிச்சுப்போட்டுத்தான் எழும்பினனான். வெளியில வரேக்க வான் ஒழுங்கை முகப்பால திரும்பிட்டுது."

அவ்வளவையும் தரையைப் பாத்துக்கொண்டு சொன்னான். பிறகும் சொன்னான், "உன்னைக் கூப்பிட்டவன் எண்டு உன்னட்ட எப்பிடிச் சொல்லுவன். அதுதான் நிலாவெளியில நிண்டனான் எண்டனான்."

நான் கோணேசின்ர வாயைப் பாத்துக்கொண்டு இருந்தன். போறன் எண்டு சொல்லுவா, இல்லாட்டி அந்தக் கிற்றாரைத் தூக்கி அடிப்பா எண்டு. அடிச்சிருந்தால் நான் மறிச்சிருக்கவும் மாட்டன். அவ மெதுவா நிலையோட சரிஞ்சு கீழ இருந்தா. சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சா.

"என்னையோ கூப்பிட்டவன்?"

"ஓம்."

"ரெண்டு தரம்?"

"ஓம்."

அவ படலைப் பக்கம் திரும்பினா. கத்தேல்லை, அழேல்லை. குசினிக்குள்ள கை வேலையா நிண்டுகொண்டு பிள்ளைக்கு மறுமொழி சொல்லுற குரல் இருக்கே, அந்தக் குரல்.

"என்ன ராசா, வாறன்."

சிவபாதம் முகத்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கொண்டான். வெளியில காத்து அடிச்சுக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்து அவ இன்னொருக்காலும் சொன்னா.